இரண்டு வெள்ளை, இரண்டு காவி

எங்கள் பார்வையாளர் கூடத்துச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. "தடத்தில் கிடக்கும் கல் எதையும் தொடாதீர்கள்" என்பது அதில் முதல் விதி. கீழே சின்ன எழுத்தில் காரணமும் போட்டிருப்பார்கள். ஒருமுறை எங்கள் பணியாளர் கருப்பையா கண்ணாடி போட மறந்துவிட்டு, வழியோரக் கல் என்று நினைத்து, ஆட்காட்டிக் குருவியின் நான்கு முட்டைக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டான் என்று. படிக்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுத் திரும்பினால் அந்தக் கருப்பையாவே தடித்த சட்டம் போட்ட கண்ணாடியோடு டிக்கெட் கிழித்துக்கொண்டு நிற்பான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவனை முட்டை மாமா என்று கூப்பிடுகிறார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிக்கிறான்.

நான் போன வருஷம் ஓய்வு பெற்றேன். இப்போது பத்தாண்டு நிறைவு மலர் போடுகிறார்களாம். புதிதாகச் சேர்ந்த வழிகாட்டிகள் வந்து, "ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார், போட்டோ இருந்தா ஒரு பக்கம் போதும்" என்றார்கள். என்னிடம் போட்டோ இல்லை. ஆகவே நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

என் உத்தியோகத்தை ஒரு வரியில் சொல்வதென்றால், முதல் பாதி தைலமரம் நட்டேன், இரண்டாம் பாதி தைலமரம் பிடுங்கினேன். இரண்டுக்கும் சம்பளம் வந்தது. இளவயதில் ஒரு கம்பெனிக்காகத் திருமயத்துக்குப் பக்கத்தில் செம்மண் பொட்டல் ஒன்றில் தைலங்கன்று நட்டோம். பொட்டல் என்றால் சரளைக்கல்லும் முள்ளும் புல்லுமாகக் கிடக்கும் வெட்டவெளி. அதில் நான் ஓர் ஓரத்தில் நட்ட வரிசை நேராக வரவில்லை என்று என்னைத் திட்டினார்கள். இருபது வருஷத்துக்குப் பிறகு அதே பொட்டலை ஓர் அறக்கட்டளை குத்தகைக்கு எடுத்தது. தைலமரத்தை அகற்றி, பழைய நிலத்தை மீட்டு, அதைப் பார்க்க ஆட்களைக் கூட்டி வருவது திட்டம். மேற்பார்வைக்கு ஆள் தேடினார்கள். நேர்முகத்தில், இந்த நிலம் தெரியுமா என்று கேட்டார்கள். அந்தக் கோணல் வரிசையைக் கையால் காட்டி, "அது நான் நட்டதுங்க" என்றேன். என்ன நினைத்தார்களோ, வேலை கொடுத்துவிட்டார்கள்.

கொடுத்தவர் எங்கள் மேடம். அவர் ஒரு விஞ்ஞானி. ஒல்லியான உடம்பு, சத்தமில்லாத குரல். கோபம் வந்தால் மற்ற அதிகாரிகள் கத்துவார்கள், மேடத்துக்குக் குரல் இன்னும் இறங்கும். தப்பு நடந்தால் திட்ட மாட்டார். களக் குறிப்பேட்டை எடுத்து நம் முன்னால் வைத்து, "எழுதுங்க" என்பார். செய்த தப்பை நம் கையெழுத்தில் நாமே எழுத வேண்டும். அதற்கு நாலு அறை வாங்கிவிடலாம்.

முதல் நாளே கேட்டேன், எத்தனை கன்று வாங்கணும் மேடம் என்று. கன்று வேண்டாம் என்றார். குழி? குழியும் வேண்டாம். பிறகு என்ன செய்ய? "ஒரு வருஷம் பாருங்க மாணிக்கம்" என்றார். சும்மா இருக்கச் சம்பளமா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பாவி, அது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது தெரியாது.

பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாக, நாலு குச்சி, ஒரு கயிறு. கண்ணை மூடிக்கொண்டு திரும்பி நின்று ஒரு கல்லை எறிய வேண்டும். கல் விழுந்த இடத்தில் சதுரத்தை வைத்து, அதற்குள் இருக்கிற ஒவ்வொரு செடியையும் பெயர் சொல்லி எண்ண வேண்டும். கண்ணைத் திறந்து எறிந்தால் நம்மை அறியாமலே பச்சையாக இருக்கிற பக்கம் எறிந்துவிடுவோமாம். நான் கண்ணை மூடுகிற மாதிரி மூடி ஓரக்கண்ணால் பார்த்துத்தான் எறிவேன். மூன்றாவது நாள் மேடம் ஒரு கைக்குட்டையைக் கொண்டுவந்து என் கண்ணைக் கட்டினார். முதல் ஏட்டில் "புல் – நிறைய" என்று எழுதியிருந்தேன். எந்தப் புல் என்று கேட்டார். புல்லில் என்ன எந்தப் புல்? ஆடு மேய்க்கிற பெண்களிடம் போய் நின்று, ஊசிப்புல், கொழுக்கட்டைப்புல் என்று பெயர் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். அவர்கள் சும்மா சொல்லவில்லை. ஆளுக்கொரு வெற்றிலைச் சுருள் வாங்கிக்கொண்டுதான் சொன்னார்கள்.

மேடத்தின் கொள்கை சின்னதுதான். பொட்டல் கெட்டுப்போன நிலம் இல்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டிய நிலம். காட்டைக் கொண்டுவந்து இதன் தலையில் கட்டாதே. தைலமரத்தை மண்ணுக்குக் கீழே வரை வெட்டி, தூரை மண்போட்டு மூடு. ஓடுகிற மழைத்தண்ணீரைப் பிறைவடிவ வரப்புப் போட்டு நிறுத்து. தூர்ந்துபோன குட்டையைத் திற. மற்றதைப் புல்லும் காரை, சூரை முட்செடிகளும் தாமே பார்த்துக்கொள்ளும். அப்படியே நடந்தது. மூன்றாம் வருஷம் கல்கவுதாரி வந்தது, முயல் வந்தது, அவற்றைப் பார்க்கத் திருச்சியிலிருந்து தொப்பி போட்ட மனிதர்கள் வந்தார்கள். மயிலைக் கேட்டு வருகிறவர்களை விராலிமலைக்கு அனுப்பிவிடுவோம். இங்கே தலையைக் குனிந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் காட்சி. ஊரில் பதினான்கு பேருக்கு அதனால் வேலை. தடம் காட்ட, சமைக்க, டிக்கெட் கொடுக்க. அதில் கருப்பையாவும் அவன் மனைவி செல்வியும் உண்டு.

கருப்பையா துபாயில் பன்னிரண்டு வருஷம் சாலையோரக் கல்லுக்குப் பெயின்ட் அடித்தவன். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. ஊர் திரும்பியும் கை சும்மா இருக்காது. செல்வி மணமேல்குடிக்காரி. வாய்க்கு விடுமுறை கிடையாது. வீட்டில் நாற்பது நாட்டுக்கோழி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் வருஷம் குத்தகை முடிந்தது. நிலத்துக்காரர் சாத்தப்பன் ஐயாவுக்குத் திருமயம் பக்கத்தில் பெரிய வீடு இருக்கிறது, பிழைப்பு சென்னையில். இந்த நிலத்தை மறுபடியும் தைலமரத்துக்குக் கேட்டு ஒருவர் அவரிடம் போய்விட்டார். ஐயா நல்லவர்தான். ஆனால் ஐந்து வருஷமாக என்னதான் செய்தார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் வேண்டாமென்றால் அன்றோடு பதினான்கு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குட்டையும் புல்லும் கவுதாரியும் எங்கே போகுமோ.

சித்திரை மாதம். தடத்தின் மூன்றாவது வளைவில், வழியை ஒட்டியே, ஒரு ஆட்காட்டி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. மூக்கோரம் மஞ்சள் தொங்கும், வெட்டவெளியில் வாழும் ஜாதி. அது கூடென்று ஒன்றும் கட்டாது. சரளைக்கல்லுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், அதில் கல்லைப் போலவே நாலு முட்டை. பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டு சிவப்பு நூல் கட்டியிருந்தோம். தினமும் காலையில் அதைப் பார்த்து ஏட்டில் எழுதியவன் நான்தான். மேடம் சாத்தப்பன் ஐயாவுக்கு அதைத்தான் காட்டுவதாக இருந்தார். அவரைக் கூட்டிவரத் திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனார். "ஒண்ணும் செய்யாதீங்க மாணிக்கம். இருக்கிறபடியே இருக்கட்டும்."

சொல்லுங்கள், நம் பக்கத்தில் யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்போமா? அமைச்சர் வந்தாலும் சரி, பள்ளிக்கூடத்துக்கு ஆய்வாளர் வந்தாலும் சரி, கோயில் குடமுழுக்கென்றாலும் சரி, வழியோரம் கல் அடுக்கிச் சுண்ணாம்பு அடித்தால்தான் வருகிறவருக்கு மரியாதை, அழைக்கிறவருக்கும் மரியாதை. நிலத்துக்குச் சொந்தக்காரர் வருகிறார், வாசலில் ஒரு வெள்ளைக்கோடு இல்லையென்றால் நம்மை என்ன நினைப்பார்? மேடம் வெளியூர், அவருக்கு இதெல்லாம் தெரியாது என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். வண்டி கண்ணுக்கு மறைந்ததும் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்தேன்.

பெண்களைத் தடம் முழுக்கக் கூட்டச் சொன்னேன். ஒரு குச்சி கிடக்கக் கூடாது என்று சொன்னேன். கூட்டினார்கள். சிவப்பு நூல் கட்டிய குச்சியும் போயிற்று. சுண்ணாம்பு மட்டையோடு கருப்பையா வந்தான், வெள்ளை மட்டும் அடித்தால் மொட்டையாக இருக்குமென்றான். துபாய்க் கை. ஆனால் கறுப்பு வேண்டாம், கோயில் மதில் மாதிரி வெள்ளை ஒன்று காவி ஒன்று என்று நான்தான் யோசனை சொன்னேன். இதோ, பலகை பொய் சொல்கிற இடம் இதுதான். கருப்பையா காவி வாளியைத் தூக்கினான். நேரம் இல்லாததால் வெள்ளை வாளியை நான் தூக்கினேன். அவன் ஒரு கல், நான் ஒரு கல். இரண்டாவது வளைவில் பெரிய கல் தீர்ந்துபோனது. கிடக்கிற சின்னக் கல்லையே கிடக்கிற இடத்தில் அடிப்போம் என்று குனிந்த தலை நிமிராமல் போனோம். தலைக்கு மேலே ஆட்காட்டி கத்திக்கொண்டே சுற்றியது. ஒரு மாதமாக எங்களைக் கண்டாலே கத்துகிற குருவி, அதை யார் காதில் வாங்கினார்கள்?

முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அழகென்றால் அப்படி ஒரு அழகு. இனிக் கூட்டைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டியதுதான் பாக்கி என்று கூட்டைத் தேடினேன். குச்சியைக் காணோம். இங்கிட்டுத் தேடினேன், அங்கிட்டுத் தேடினேன். கருப்பையா கையில் இருந்த மட்டையால் காட்டினான்.

பள்ளத்தில் நாலு முட்டை. இரண்டு வெள்ளை, இரண்டு காவி. ஒன்று விட்டு ஒன்று, வரிசை பிசகாமல்.

அப்படியே சரளையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வருஷம் கண்ணைக் கட்டிக்கொண்டும் கட்டாமலும் பார்க்கப் பழகியவன், தினமும் எழுதிவைத்த முட்டைக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். செல்வி ஓடி வந்தாள். முட்டையைப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேர் கையையும் பார்த்தாள். அவள் சொன்னதை மலரில் போட மாட்டார்கள். சொல்லி முடித்தபின் காரியத்தில் இறங்கினாள்.

"கழுவிராதீங்கண்ணே. பச்சத்தண்ணி பட்டா உள்ள இருக்கிறது செத்துப்போகும். வெதுவெதுன்னு தண்ணி கொண்டாங்க. துணிய நனைச்சுப் புழிஞ்சு ஒத்தி எடுக்கணும். பொரட்டக் கூடாது."

கோழிக்கு அடைவைத்துப் பழகிய கை அது. முட்டையின் மேல்புறம் எது என்று மனதில் வைத்துக்கொண்டு, எடுத்த வாக்கிலேயே திருப்பி வைத்தாள். காவி சுலபமாகப் போயிற்று. மிச்சமிருந்த சாயமும் செம்மண் நிறமே ஆனதால் முன்னைவிட நன்றாக ஒளிந்துகொண்டது என்றே சொல்லலாம். சுண்ணாம்பு போகவில்லை. ஒத்த ஒத்தத் திட்டுத் திட்டாக நின்றது. அதற்குள் கேட்டில் வண்டிச் சத்தம்.

சாத்தப்பன் ஐயா வெள்ளைச் சட்டையோடு இறங்கினார். வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். "பரவாயில்லையே, நீட்டா வச்சிருக்கீங்க" என்றார். அவருக்குப் பிடித்தது அந்தக் கல் வரிசைதான். இந்த இடத்தில் நாலு குடில் கட்டி நீச்சல்குளம் வைத்தால் ஓடுமா என்று மேடத்தைக் கேட்டார். மேடம் கல்லைப் பார்த்தார், என் கை விரல் நகத்தைப் பார்த்தார். குரல் இறங்கியே விட்டது. "கூடு?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது வளைவுக்கு முன்னால் நான் வழியை மறித்து நின்றேன். குருவி இன்னும் திரும்பவில்லை. உச்சி வெயில். அந்த வெயிலில் நிழல் இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் முட்டை உள்ளேயே வெந்துபோகும். நாங்கள் நெருங்கினால் அது வராது.

"இதுக்கு மேல போக வேணாங்கய்யா."

"ஏம்ப்பா, என் நெலத்துக்குள்ள நான் போகக் கூடாதா?"

"நெலம் ஒங்களோடதுங்க. முட்டை அதோடதுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஐயா முகம் சிவந்தது. என்ன முட்டை, என்ன கதை என்று கேட்டார். மறைக்க வழியில்லை. நடந்ததைச் சொன்னேன், வழியில் கல் அடுக்கியது, கூட்டியது, அடித்தது. அவர் கேட்டுவிட்டு நேராக ஒரு கேள்வி போட்டார்.

"முட்டைக்கு அடிச்சது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். அதற்குள் பின்னால் இருந்து கருப்பையா, "நான்தாங்கய்யா. கண்ணாடி போடாம விட்டுட்டேன், கல்லுன்னு நெனச்சுட்டேன்" என்றான். அவனுக்குக் கழுகுப் பார்வை. அதுவரை கண்ணாடியே வாங்கியதில்லை. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் மேடம் குட்டைப் பக்கம் விரலைக் காட்டினார். ஆட்காட்டி கரையில் நின்றது. தண்ணீருக்குள் நாலடி வைத்து, நெஞ்சை அழுத்தி உட்கார்ந்து, இறகைச் சிலுப்பி நனைத்துக்கொண்டது. எழுந்து, ஓடி, நின்று, பார்த்து, மறுபடி ஓடி, கூட்டை நோக்கி வந்தது. எதுக்குத் தண்ணியில உக்காருது என்று ஐயா கிசுகிசுத்தார். வயிற்று இறகை நனைத்துக்கொண்டு போய் முட்டையைக் குளிரவைக்கும் என்று சொன்னேன். அந்தக் குட்டை நாங்கள் திறந்தது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. குருவி கூட்டருகே வந்ததும் நின்றுவிட்டது. திட்டுத் திட்டாகக் கிடந்த முட்டைகளைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. என் ஆயுசில் அவ்வளவு நேரம் நான் எந்தக் கடவுளையும் கும்பிட்டதில்லை. பிறகு அது ஈர வயிற்றோடு முட்டையின் மேல் குனிந்து நின்றது. மெல்ல உட்கார்ந்தது.

வெயிலில் நின்று ஐயாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நகரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தக் கல்லையெல்லாம் எடுத்துருப்பா. பாக்க நல்லால்ல. குஞ்சு பொரிச்சா எனக்குச் சொல்லி விடு, அப்பறம் குத்தகையப் பேசுவோம்."

அன்று சாயந்தரம் மேடம் ஏட்டைக் கொண்டுவந்து வைத்தார். எழுதுங்க. "முட்டைகளில் சுண்ணாம்பும் காவியும் பட்டன. துடைக்கப்பட்டன" என்று எழுதினேன். யார் பட வைத்தது என்று எழுதவில்லை. மேடம் படித்துவிட்டு ஏட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அதற்குக் கீழே ஒரு வரியை வெறுமையாக விட்டு, அடுத்த வரியில் தன் கையெழுத்தைப் போட்டார்.

கருப்பையாவிடம் போய், ஏண்டா அப்படிச் சொன்னே என்று கேட்டேன். "நீங்க மாட்டுனா வேலை போகும்ணே. நான் மாட்டுனா திட்டுதானே. திட்டு எனக்கு வீட்லயே கெடைக்குது" என்றான். மறுவாரம் திருமயம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் அந்தத் தடித்த சட்டக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான். ஐயா மறுபடி வந்து, எங்கப்பா கண்ணாடி என்று கேட்டுவிட்டால்? பொய்யென்றால் அதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்பது அவன் கட்சி.

ஒன்பதாம் நாள் குஞ்சு பொரித்தது. மூன்று. பஞ்சுருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி சரளையில் ஓடின. நான்காவது பொரிக்கவில்லை. அது வெள்ளை அடித்ததில் ஒன்று. காவி இரண்டும் பொரித்தன. கருப்பையா அடித்தது எல்லாம் பிழைத்தது, நான் அடித்ததில் ஒன்று செத்தது. ஐயாவுக்குத் தொலைபேசியில் மூன்று என்று சொன்னேன். "போதும்ப்பா" என்றார். குத்தகை புதுப்பித்தாயிற்று. அந்த வருஷம் கல் அத்தனையையும் கையால் துடைத்து, எடுத்த இடம் தேடித் தேடிப் போட்டவனும் நான்தான். அதற்கு மட்டும் எனக்குக் கூட்டாளி யாரும் வரவில்லை.

பொரிக்காத அந்த முட்டை கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஓய்வு பெறும்வரை தினமும் அந்த வழியாகத்தான் போய் வந்தேன். அதைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன். பழகியது பழகினதாக இல்லை. அந்த முட்டைக்குள் இருந்தது என்னால்தான் செத்தது, அதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. எனக்கே என்மேல் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே மலர்க் குழுவுக்கு என் வேண்டுகோள். பலகையை மாற்றிவிடுங்கள். கருப்பையா என்று இருக்கிற இடத்தில் மாணிக்கம் என்று போடுங்கள். அவன் அடித்தது காவி மட்டும் என்றும் போடுங்கள். நேற்று மேடத்தின் அனுமதியோடு பழைய ஏட்டை எடுத்து அந்த வெறுமையான வரியில் என் பெயரை எழுதிவிட்டேன்.

அச்சுக்குப் போகும் முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே என்று இன்று காலையில் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் போனேன். பார்வையாளர் யாரும் இல்லை. "என்னண்ணே இது" என்று வாங்கிக்கொண்டான். முதல் வரியைப் பார்த்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தான்.